முபாரக் நானா தூக்கிய வாளிகள்

திங்கட்கிழமை மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அரிசி ஆலைக் காவலாளி தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், முபாரக் நானா மௌத்தாகிட்டார். விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பல்லையாம்." தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது.

வவுணதீவில் எங்கள் ஆலையின் பாசிக்குளத்தைப் பராமரித்தவர் அவர்; எங்கள் எல்லாருக்கும் 'நானா', அண்ணன். நெல் அவித்த கழிவுநீரை அதில் தெளியவைத்துத்தான் வாவிக்கு விடுவோம். வெயிலில் பாசி பிராணவாயுவை உண்டாக்கும். அந்தக் காற்றில் பற்றீரியாக் கிருமிகள் அழுக்கைத் தின்னும். அவை விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஆலையில் நீர் சோதிக்க வந்த நான் இதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அவர் மூக்கால் அறிந்திருந்தார்.

அவரை நினைக்க இங்கே கூடியிருக்கும், அவரோடு வேலை செய்த உங்களிடம்கூட, போன வருடம் குளத்தைக் கெடுத்தது யாரென்று அவர் சொல்லியிருக்கமாட்டார். நான்தான். மகளுக்கு வயிற்றோட்டம். என் உடுப்பில் ஒட்டி வந்த குளத்துக் கிருமிதான் காரணமென்று நானாக முடிவுகட்டி, கரையெல்லாம் குளோரின் ஊற்றிக் கழுவினேன். முக்கால்வாசி உள்ளே வழிந்தது. இரண்டு நாளில் குளம் வெளிறி நாறியது.

"போதும் இந்த விளையாட்டு, வாவிக்குத் திறந்து விடுங்க" என்றார் முதலாளி. கீழே வாவியில் மீனவர்களின் வலைகள் கிடந்தன.

நானா குனிந்து மோந்து பார்த்தார். "ஆர் மிஸ் இதுக்க குளோரின் ஊத்தின?"

"நான்தான் நானா."

"பெருநாளைக்கு வீடு கழுவின மாதிரி கழுவிட்டீங்களே!" என்று சிரித்தார். பிறகு முதலாளியிடம் போனார். "பத்து நாள் நெல் அவிக்காதீங்க. அதுவரைக்கும் மதகில ஆரும் கை வைக்கப்படாது." வேலை போய்விடும் என்ற பயத்தோடு நானும் பின்னால் போய் உண்மையைச் சொன்னேன். "படிச்ச ஆள்!" என்றதோடு முதலாளி நிறுத்திக்கொண்டார். பத்து நாளும் கிடைத்தது.

வெயிலில் குளோரின் போகும்வரை காத்திருந்து, பக்கத்துச் சின்னக் குளத்திலிருந்து அடிச்சேறும் பச்சைத் தண்ணீருமாக வாளி வாளியாகத் தூக்கி ஊற்றினார் நானா. தொட்டியில் தேங்கிக் கிடந்த கழிவுநீரைத் தினமும் குளத்துக்குள் கொஞ்சமாகத்தான் விட்டார். நான் அவசரப்பட்டபோது, "புதுசாக் குடிவந்தவங்களுக்கு முதல்நாளே சோத்துப்பானையக் கவிழ்க்கப்படாது மிஸ்" என்றார். ஐந்தாம் நாள் பச்சை பிடித்தது, நாற்றம் போகவில்லை. "மூச்சுக் குடுக்க ஆள் வந்திட்டு. ஊத்தை தின்ன ஆக்களத்தான் காணல்ல."

ஒன்பதாம் நாள் நாற்றம் இல்லை. ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து அவரைக் கூப்பிட்டேன். பச்சை மணிகள், அவற்றை மொய்த்த பொடிகள், வாயருகே மயிர்கள் சுழலச் சுழல நீந்தும் ஒன்று. நானா நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"சுபுஹானல்லாஹ்! இவ்வளவு பேரையுமா நான் வாளியில தூக்கின?"

அவருக்குப் பிறகு நானும் பார்த்தேன். நான்கு வருடம் படித்ததை அன்றைக்குத்தான் உண்மையில் கண்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, கண்ணுக்குத் தெரியாதவற்றின் மேல் எனக்கிருந்த பயத்துக்குள்ளே கொஞ்சம் மரியாதை. நேற்று மகள் முற்றத்து மண்ணை அளைந்து வாயருகே கொண்டுபோனாள். கையைப் பிடித்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். முற்றத்தில் ஒன்றும் ஊற்றவில்லை.