தொண்டைக்கு வந்த கசப்பு

வில்லியனூர் அப்துல் ஹலீம் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுப்பவர். மரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று வருவார். "ஏழு மூட்டை" என்பார். உலுக்கிக் கட்டிப் பார்த்தால் ஏழுதான் இருக்கும். சுத்துக்கேணியிலிருந்து நெட்டப்பாக்கம் வரைக்கும் சைக்கிளிலேயே சுற்றுவார். ஓரிடத்தில் கால் மணி நேரம் உட்கார மாட்டார். டீயைக்கூட நின்றபடிதான் குடிப்பார்.

இடது கண்ணில் முன்பே பார்வை கிடையாது. ஐம்பத்தெட்டாம் வயதில் வலது கண்ணில் புரை முற்றியது. காய் எது, இலை எது என்று தெரியாமல் இரண்டு வருஷம் சமாளித்தார். 1982 மே மாதக் கடைசியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் புரையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கறுப்புக் கண்ணாடியும் சின்னப் புட்டியில் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். நாளைக்கு ஆறு தடவை, ஆறு வாரம். குனியக் கூடாது, சைக்கிளைத் தொடக் கூடாது.

"உள்ள ரணம் ஆறணும் பாய். பார்வைதான் வந்துடுச்சேன்னு மருந்த வுட்டுடாதீங்க" என்று கம்பவுண்டர் சூசைநாதன் படித்துப் படித்துச் சொன்னார்.

வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தே ஹலீம் நாளைக் கழித்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். நெற்றி தரையில் படாத தொழுகை அவருக்குப் பாதித் தொழுகையாகவே பட்டது. மனைவி மெஹர் நிஷா மருந்து ஊற்ற வந்தால், "குடு, நானே பாத்துக்கறேன்" என்று புட்டியை வாங்கிக்கொள்வார்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு ரமலான் பிறை தெரிந்தது.

முதல் நோன்பன்று மதியத் தொழுகைக்கு முன்னால் ஒரு சொட்டு விட்டுக் கண்ணை மூடியிருந்தார். முன்பெல்லாம் கவனிக்காத ஒரு கசப்பு சற்று நேரத்தில் தொண்டையில் தெரிந்தது. பதறி எழுந்து காறித் துப்பினார். கசப்பு போகவில்லை. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வந்தது? வந்ததை விழுங்கிவிட்டோமா? சிறுவயதிலிருந்து ஒரு நோன்பைக்கூட விட்டவரில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கலாம். நோன்பு முறிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்? முறியாது என்று சொன்னாலும் மனசு ஒப்புமா? அவர் கேட்கவே இல்லை. மறுநாளிலிருந்து விடியுமுன் ஒரு சொட்டு, நோன்பு திறந்தபின் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பகலில் புட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார்.

ஒன்பதாம் நோன்பன்று கண் ரத்தமாய்ச் சிவந்தது. வெளிச்சம் பட்டாலே கூசியது. நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறித்தது. மெஹர் நிஷா புட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? இத்தினி நாளா ஊத்தற மருந்து கொறையவே இல்லியே?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கசக்குது நிஷா. தொண்டைல எறங்குது. நோன்பு இன்னா ஆவறது?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஹஜ்ரத் வீட்டுக்குப் போய், அவர் மனைவி மூலமாகக் கேட்டு வந்தாள். "கண்ணுக்கு ஊத்தற மருந்தால நோன்பு முறியாதாம். கெளம்புங்க, பஸ்ஸு வந்துடும்."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தார். "யாரு மருந்த நிறுத்தச் சொன்னது? உள்ள நல்லா வீங்கியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா பார்வையே போயிருக்கும். இனிமே மணிக்கொரு தரம் விடணும்."

மணிக்கொரு தரம்! ஹலீம் வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். எதிரே வந்த சூசைநாதன் நிறுத்தி விசாரித்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அட, மொதல்லியே சொல்லக் கூடாதா? கண்ணு மூலைலேர்ந்து மூக்குக்கு ஒரு சின்ன வழி போவுது பாய். அது வழியாத்தான் தொண்டைக்கு எறங்குது." பெஞ்சில் உட்காரவைத்து ஒரு சொட்டு விட்டார். ஹலீமின் விரலைப் பிடித்து, மூக்கை ஒட்டிய கண்மூலையில் வைத்தார். "கண்ண மூடிக்கினு ரெண்டு நிமிஷம் இப்படியே மெதுவா அமுக்கிப் புடிங்க."

ஹலீம் காத்திருந்தார். எச்சிலை விழுங்கிப் பார்த்தார். கசக்கவில்லை.

பாக்கி நோன்பில் ஒன்றையும் விடவில்லை. ஹஜ்ரத் தேவையில்லை என்று சொல்லியும், பெருநாள் கழிந்து அந்த முதல் நாளுக்காக இன்னொரு நோன்பு வைத்த பிறகே அவருக்கு மூச்சு வந்தது. கண்ணும் மெல்ல மெல்லத் தெளிந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல் தங்கிவிட்டது.

பிறகு தடித்த கண்ணாடி போட்டார்கள். மார்கழியில் நெட்டப்பாக்கத்துப் புளியமரக்காரர் அய்யனாரின் கொல்லைக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு காயும் அவரைக்காய் அகலத்துக்குத் தெரிந்தது. "பதினொண்ணு" என்றார்.

"இன்னா பாய், இந்த வருசம் காய்ப்பே கம்மி" என்றார் அய்யனார்.

ஹலீம் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாம் பச்சைப் புகை. மறுபடி போட்டார். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். எல்லாமே பெரிதாகத் தெரிகிறதென்று அப்போதுதான் உறைத்தது. "எட்டுன்னே வெச்சிக்குவோம்."

மாசியில் உலுக்கியபோது எட்டரை வந்தது. எட்டு மூட்டைக்குத்தான் பணம் கொடுத்திருந்தார். குத்தகையில் கூடக்குறைய வருவது சகஜம்தான். ஆனால் அந்த அரை மூட்டை அவரை நாலு நாள் சும்மா இருக்கவிடவில்லை. ஐந்தாம் நாள் அதைச் சைக்கிளில் கட்டி, அய்யனார் வீட்டு வாசலில் இறக்கினார்.

"இது இன்னாத்துக்கு பாய்? ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்று அய்யனார் வெளியே வருவதற்குள் சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது.