மூக்குக்கும் ஒரு வழி

நான் வீட்டுப் பராமரிப்பு வேலையில் பார்த்துக்கொண்ட பெரியவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கை நடுக்கத்தால் காபியில் பாதி சட்டைக்குப் போகும். அதனால் மூடி போட்ட பயணக் கோப்பையில் கொடுத்தோம். ஒரு வாயோடு வைத்துவிட்டார்.

"இது காபியா, வெந்நீரா?"

"அதே காபிதான் மாமா" என்றாள் அவர் மருமகள். அவள் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துப் பொருள்கள் செய்யும் பட்டறையில் வேலை செய்பவள். கண்ணை மூடிக்கொண்டு அவளும் குடித்துப் பார்த்தாள். மூடி வாசத்தை அடைத்திருந்தது.

மூக்கு வரும் இடத்தில் சிறு துளைகள் போட்டாள். வாசம் வந்தது. கை ஆடியதும் காபியும் தெறித்தது.

"பேசாம ஸ்பூன்ல ஊட்டிடறேன்" என்றேன்.

"நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று முறைத்தார்.

அடுத்த மூடியில் துளைகளுக்கு அடியில், சற்று இடைவெளி விட்டு, ஒரு சின்னத் தட்டை ஒட்டினாள். தெறிக்கும் காபி தட்டில் மோதித் திரும்பும். ஆவி மட்டும் ஓரமாகச் சுற்றி மேலே வரும். சூடு தணித்து ஊற்றிக் கொடுத்தேன். பெரியவர் கோப்பையை மூக்கருகே பிடித்தபடியே இருந்தார்.

"ஏன் மாமா, குடிக்கலையா?"

"இரும்மா, இன்னும் மோந்தே முடிக்கலை. ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க."

போனோம். நான் திரும்பி வந்தபோது கோப்பை காலி. சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை.