ஏழாம் வீட்டுக்கு ஒரு பழைய விண்டோஸ்

ஐப்பசி மழைக்கு விழுப்புரம் ரயிலடிப் பக்கம் ஒரு ஏ.டி.எம். அறைக்குள் ஒதுங்கினேன். ஈரக் காலுறை, பழைய ஏ.சி.யின் மூச்சு, யாரோ அடித்துவிட்டுப் போன மல்லிகை ஸ்பிரே. மூன்றும் கலந்த அந்த நாற்றம் எனக்குப் புதிதல்ல. தொண்ணூற்று மூன்றில் அதற்குள் உட்கார்ந்துதான் சம்பளம் வாங்கினேன்.

அது ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். உரக்கடைக்கு மேல் மாடி. ஆறு கணினிகள், அவற்றுக்குப் பச்சை வெல்வெட் உறை, வாசலில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று ஒரு பலகை. உள்ளே இருந்தது கூட்டிக் கழிக்கிற பெட்டி. அதற்கு ஊதுவத்தி காட்டினார்கள். அதன் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். வெளியே மாணவர்களின் செருப்புகள் மழையில் மிதந்து படியிறங்கிப் போயின. தூசு உள்ளே போனால் பெட்டி கெட்டுவிடும் என்று முதலாளி நம்பினார். அதை நான் மாணவர்களுக்குப் பாடமாகச் சொன்னேன். இன்று நினைத்தால் கூசுகிறது. வெறுங்காலோடு நின்று, சுட்டியை இரண்டு விரலால் தொட்டு, திரையைப் பார்த்துக் கண்மூடிய ஒரு பெண்ணை நான் திருத்தவில்லை. பக்தி என்றால் கட்டணம் ஒழுங்காக வரும்.

பிறகு அந்தப் பெட்டிகள் தெருவுக்கு இறங்கின. மளிகைக்கடையில் உட்கார்ந்தன, மருந்துக்கடையில் உட்கார்ந்தன, ஈ மொய்க்கக் கிடந்தன. யாரும் செருப்பைக் கழற்றவில்லை. ஓரிடத்தில் மட்டும் பழைய மரியாதை மிச்சமிருந்தது: கம்ப்யூட்டர் ஜாதகம். மனுஷன் கணித்தால் தப்பு வரும், மிஷின் பொய் சொல்லாது என்று ஊரே பேசிக்கொண்டது. செவ்வாயையும் சனியையும் அங்கேயே விட்டுவிட்டு, அவற்றைச் சொல்லும் வாயை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய பதினெட்டு வருடம் சிரித்தேன். பிறகு திண்டிவனத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

“டேய், நீ கம்ப்யூட்டர் படிச்சது எங்களுக்கு ஒருநாளாவது ஒதவுச்சாடா?”

விஷயம் அவள் மகளைப் பற்றியது. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் அவள் ஏறுகிற பஸ்ஸில் மூன்று வருடமாக ஒரு பையனும் ஏறினான். முதல் வருடம் சில்லறை மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் வருடம் இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் வீட்டில் சொன்னார்கள். சாதி ஒன்று, சம்பளம் சரி, யாரும் விஷம் குடிப்பேன் என்று மிரட்டவில்லை. பையனின் அம்மா ஜாதகம் மட்டும் கேட்டாள். அங்கேதான் வினை.

என் மருமகளுக்குப் பன்னிரண்டு வயதில் எடுத்த கம்ப்யூட்டர் ஜாதகத்தில் தோஷம் எதுவும் இல்லை. அந்தத் தாளை ஒரு கல்யாணத் தரகர் எங்கோ தொலைத்துவிட்டார். புதுக் கடையில் எடுத்தால் செவ்வாய் ஏழாம் வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. தோஷம். முதல் ஜாதகம் சுத்தம் என்று அக்கா சத்தியம் செய்தாள்.

“அந்தம்மா இன்னா சொல்றாங்க தெரியுமா? ‘ரெண்டு கம்ப்யூட்டரு ரெண்டு மாதிரி சொன்னா நான் எதை நம்பறது? மொதல்ல பார்த்த கடையிலயே, அதே மிஷின்லயே போட்டு எடுத்துக்கினு வாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள வரணும்.’ இல்லைன்னா வளவனூர்ல ஒரு பொண்ணு ரெடியா இருக்குதாம்.”

“அந்த மிஷின் இன்னும் இருக்குதா?”

“இருக்குது. தொறக்க மாட்டேங்குது. உள்ள இருக்கிற விண்டோசு செத்துப் போச்சாம். அதே பழசை மறுபடி போட்டாத்தான் அந்தக் கடை சோசியரு ஜாதக புரோகிராம் ஓடுமாம். புதுசுல ஏறாதுன்றாரு.”

ஒரு பெண் யாரோடு வாழ்வது என்பதைத் தொண்ணூற்றெட்டாம் வருடத்து விண்டோஸ் தீர்மானிக்கப் போகிறது. அலமாரியைக் குடைந்து, ஒரு காலத்தில் வகுப்புக்கு வைத்திருந்த குறுந்தகட்டையும் ஒரு பிளாப்பியையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

கடை திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சந்தில் இருந்தது. மருமகள் விடுப்பு போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தாள்.

“செருப்பைக் கழட்டிட்டு வா மாமா. உள்ள சாமி இருக்குது.”

“எந்தச் சாமி?”

“நீ கும்புட மறுத்த சாமிதான். பெண்டியம் கம்ப்யூட்டரு.”

சோசியருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு கண்ணில் அண்மையில் அறுவை செய்து, பச்சைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணோடு என்னால் எதையும் தட்ட முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாற்காலியை விட்டு எழுந்தார். மேசையில் அந்தக் கணினி பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது வெற்றிலை போடுகிறவர் பல்லின் நிறம். மின்சாரம் கொடுத்தேன். காற்றாடி முனகியது, உள்ளே ஏதோ டக், டக் என்று தட்டியது, திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு பகுதி கெட்டிருந்தது. முழுக்க அழித்துவிட்டுப் போட்டால்தான் விண்டோஸ் மறுபடி ஏறும்.

“பழைய ஜாதகமெல்லாம் போயிடும். அழிக்கட்டுங்களா?”

“அழிங்க சார். கல்யாணம் ஆனவங்க ஜாதகம் யாருக்கு வேணும்?”

அழித்தேன். எத்தனை பேரின் ராகுவும் கேதுவும் அந்த ஒரு சொல்லில் போயின என்று தெரியவில்லை. தெருவில் யாரும் தடுக்கி விழவில்லை.

பிளாப்பியில் தொடங்கி, குறுந்தகட்டுக்கு மாறி, ஒரு நீலத் திரை வந்தது. கொஞ்ச நேரத்தில் அது உரிம எண்ணைக் கேட்டது. இருபத்தைந்து எழுத்து. என் குறுந்தகட்டின் உறை எப்போதோ காணாமல் போயிருந்தது. ஆனால் இந்தப் பெட்டியோடு வந்த எண் இதன் பக்கவாட்டிலேயே ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். திருப்பிப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் மரப்பட்டை மாதிரி ஏதோ தடித்து வளர்ந்திருந்தது.

“இது இன்னாது?”

“சந்தனம் சார். வருசா வருசம் ஆயுத பூசைக்கு வெக்கிறது. மேல குங்குமம்.”

“இவ்வளவு பெரிய பெட்டியில வேற எடமே கெடைக்கலையா?”

“அது ஒண்ணுதான் சார் பளபளன்னு இருந்துச்சு. மிஷினுக்கு நெத்தி அதான்னு நெனச்சேன்.”

பன்னிரண்டு ஆயுத பூசை. ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு பொட்டு. உலகத்தில் வேறெங்கும் ஒருவன் தன் சாவித் துவாரத்தைப் பக்தியால் அடைத்திருக்க மாட்டான். மருமகள் கொண்டை ஊசியை எடுத்தாள். தண்ணீர் தொட்டுத் தொட்டு, அரை மணி நேரம் சுரண்டினாள். கணக்கு டீச்சர் என்பதால் ஒவ்வோர் எழுத்தையும் சுவர் நாட்காட்டியின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டு எழுத்து மட்டும் நிச்சயமில்லை. ஒன்று ‘பி’யா எட்டா, இன்னொன்று ‘ஜி’யா ஆறா.

“நாலு வழி மாமா. ஒண்ணொண்ணா அடி.”

மூன்றாவது வழி திறந்தது.

“மூணாந்தரம் பலிக்கும்னு தெரியும்,” என்றார் சோசியர்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேக்கலையே சார்.”

இன்னும் முப்பத்தேழு நிமிடம் என்று திரை சொன்னது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் முப்பத்தேழு நிமிடம்தான். இடையிடையே, இனி எல்லாம் வேகம், எல்லாம் சுலபம் என்று தன் பெருமையைத் தானே எழுதிக் காட்டியது. நகர முடியாத ஒன்று வேகத்தைப் பற்றிப் பேசுவதை நான் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவு நெருக்கத்தில் கேட்டதில்லை. மருமகள் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வானத்தை நினைத்துக்கொண்டேன். எங்கோ இருட்டில் துருப்பிடித்த ஓர் உருண்டை, காற்றில்லாமல், தண்ணீரில்லாமல், தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. திண்டிவனம் என்று ஓர் ஊர் இருப்பதே அதற்குத் தெரியாது. அதை இழுத்துவந்து ஒரு கட்டத்தில் அடைத்து, அதன்மேல் ஒரு பெண்ணின் கழுத்தை வைக்கிறார்கள்.

வாய்விட்டே கேட்டேன்: “செவ்வாய்க்கு வேற வேலையே இல்லைங்களா?”

சோசியர் கோபப்படவில்லை. “செவ்வாய் எங்கயும் போறதில்ல சார். லக்னம்தான் மாறும், அதான் மொத வீடு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. நடுவுல பொறந்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. எல்லையில பொறந்துட்டாங்கன்னா பேஜாரு.”

ஒரு வழியாகப் பழைய விண்டோஸ் ஏறியது. மேகம் மிதக்கும் அந்த நீல வானத்தைப் பார்த்ததும் சோசியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மஞ்சள் துணியில் சுற்றிவைத்திருந்த மூன்று பிளாப்பிகளை எடுத்துக் கொடுத்தார். ஜாதக புரோகிராம் குரைத்துக் குரைத்து உள்ளே போனது. மருமகளின் பெயர், பிறந்த தேதி, ஊர். காலை ஆறு நாற்பத்திரண்டு என்று ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் பார்த்ததை அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். தட்டினேன்.

‘இன்றைய தேதிக்குப் பின் பிறப்பவர்களுக்கு ஜாதகம் கணிக்க இயலாது.’

பெட்டிக்குள் இருந்த சின்ன பேட்டரி செத்திருந்தது. அதன் கணக்கில் அன்றைக்கு 1980, ஜனவரி முதல் தேதி.

“மாமா, நான் இன்னும் பொறக்கவே இல்லையாம். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிடு, வேற பேரு யோசிக்கட்டும்.”

சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். தேதியைத் திருத்தினேன். சோசியர் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட நேரமாயிற்று என்று உள்ளறைக்குப் போனார். மறுபடி தட்டினேன். பன்னிரண்டு கட்டம் விரிந்தது. ஏழாவதில், புதுக் கடையில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அதே திமிரோடு, செவ்வாய்.

அவள் திரைக்கு அருகில் வந்து, லக்னத்திலிருந்து விரலால் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

“அப்ப அம்மா பொய் சொன்னாங்களா?”

நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

“அவரு நாலு மணிக்கு ஸ்டாண்டுல நிக்கிறேன்னாரு மாமா. பேப்பரை வாங்கிக்கினு நேரா அவங்க அம்மாகிட்ட போறதுன்னு.” கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். “வளவனூர்ப் பொண்ணு பி.எட். முடிச்சிருக்குதாம்.”

பதினெட்டு வருடம் சிரித்திருக்கிறேன். மேடைகளில் பேசியிருக்கிறேன். சிறுபத்திரிகைகளில் எழுதியிருக்கிறேன், கிரகங்களை வீட்டை விட்டுத் துரத்துங்கள் என்று. இதோ ஒரு கிரகம் வீட்டுக்குள் இருக்கிறது, துரத்து பார்ப்போம். அந்த அம்மாவிடம் போய் நின்று, இதெல்லாம் குப்பை என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொன்னால் அவள் மோர் கொடுத்து அனுப்புவாள், வளவனூருக்குப் போன் செய்வாள். என் பகுத்தறிவுக்குக் கைதட்டல் கிடைக்கும், இந்தப் பெண் காலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

எல்லை என்றாரே சோசியர். நேரம் கேட்ட கட்டத்துக்குத் திரும்பினேன். நாற்பத்திரண்டின் கடைசி இரண்டை அழித்தேன். ஆறு என்று தட்டினேன்.

“மாமா, ஆறு நாப்பத்திரெண்டுன்னு அம்மா...”

“உங்கம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கினா பெத்தா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். கணக்கு டீச்சர்.

கட்டங்கள் மறுபடி விரிந்தன. செவ்வாய் ஒரு மயிரளவும் அசையவில்லை; அதைச் சுற்றி வீடுகள் ஓரடி நகர்ந்துகொண்டன. ஏழில் இருந்தது இப்போது ஆறில் இருந்தது. ‘செவ்வாய் தோஷம் இல்லை.’ இவ்வளவுதான். நாலு நிமிடம். இதற்காக எத்தனை பெண்கள் நாற்பது வயதுவரை எண்ணெய் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார்கள். அருவருப்பு மேலே மேலே வந்தது. அதில் பாதி என்மேல்.

பிரிண்டரின் ரிப்பன் காய்ந்திருந்தது. சோசியர் திரும்பி வந்து, ரப்பர் ஸ்டாம்ப் மையை இரண்டு சொட்டு அதில் விட்டார். கர், கர் என்று ஒவ்வொரு வரியாக, ஊதா நிறத்தில், நான் சொன்ன பொய்யைப் பதினோரு பக்கத்துக்கு அது அடித்தது. தாளை வாங்கி, மூலைகளில் மஞ்சள் தடவினார். நல்ல கண்ணுக்கு நெருக்கமாக வைத்து முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடித்து மருமகளிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மணி மூன்றே முக்கால். ஸ்கூட்டியை எடுக்கிறேன் என்று சந்துக்கு ஓடினாள்.

நான் வாசலில் குனிந்து செருப்பைத் தேடினேன். சோசியர் நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

“எத்தினி நிமிஷம் சார் தள்ளுனீங்க?”

மறைக்கத் தோன்றவில்லை. “நாலு.”

“மொத ஜாதகம் எடுத்த வருசம் உங்க அக்கா இங்கதான் ஒக்காந்து அழுதுக்கினு இருந்தாங்க. நான் ரெண்டுதான் தள்ளுனேன். ரெண்டே போதும் சார். பார்த்துப் போய்ட்டு வாங்க.”