மருந்து என்றால் மாத்திரை இல்லை

"எம்மக படிக்கிறது பைத்தியத்துக்குப் பாக்குற படிப்பு இல்லண்ணே. மனசு ஒடஞ்சவக கிட்ட உக்காந்து பேசுற படிப்பு. எம்.எஸ்ஸி. சைக்காலஜி."

பால் கடை அழகுராஜா அண்ணன் என்னிடம் கேட்டது எத்தனை பாக்கெட் என்று மட்டும்தான். பேத்தி பிறந்ததிலிருந்து எனக்கு வாய் நிற்பதில்லை.

நானும் வீட்டுக்காரியும் விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை. மகள் பாண்டிமீனா மதுரைக்குப் படிக்கப் போனவள், முதல் லீவுக்கு வந்ததுமே முரண்டு பிடித்தாள்.

"கிளாஸ்ல பூராம் பொம்பளப் பிள்ளைகதான்ப்பா, பையங்க ரெண்டு மூணு பேரு. அது பரவால்ல. எல்லாம் டவுன் பிள்ளைக. சிரிக்கிறதே இங்கிலீசுலதான். பட்டாசு ஊருன்னு நான் ஒருத்திதான். இனிப் போகல."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். "இந்தப் பரீச்சை வரைக்கும் பாரு தாயி" என்றேன்.

போனாள். பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே பட்டாசு விபத்தில் பிழைத்த ஒரு அம்மாள். அவரிடம் பேசியது மீனாவோடு படிக்கிற ஷைலா, நாகர்கோவில் டீச்சர் வீட்டுப் பிள்ளை.

"மருந்தப் பாத்தாலே கை நடுங்குதும்மா" என்றாராம் அந்த அம்மாள்.

"பயப்படாதீங்க, தண்ணி நிறைய ஊத்தி முழுங்கிடுங்க" என்றாளாம் ஷைலா.

"மருந்த முழுங்கவா!" அந்த அம்மாள் மிரண்டுவிட்டார்.

மீனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏ பிள்ள, எங்க ஊர்ல மருந்துன்னா மாத்திரை இல்ல. வெடிக்குள்ள அடைக்கிறது."

ஷைலா கோபிக்கவில்லை. "அடிப்பாவி, இம்புட்டு நாளா வாயத் திறக்காம இருந்தியே!" என்று தன் நாற்காலியில் மீனாவை உட்காரவைத்தாள். அதன் பிறகு இவள் எங்கள் பேச்சைச் சொல்லித்தர, அவள் இங்கிலீஷ் சொல்லித்தந்தாள். படிப்பை நிறுத்துகிற பேச்சே இல்லை.

நடுவில் கல்யாணம், பிரசவம். கடைசி செமஸ்டர்தான் பாக்கி. "பச்சப்பிள்ளைய விட்டுட்டு எப்படிப்பா?" என்று மறுபடி தயங்கினாள். ஷைலா தினமும் போனில் பாடம் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டே மீனாவிடம் சண்டை பிடித்தாள். யார் பெற்ற பிள்ளையோ! அவள் ஜெபம் பண்ணுகிற சாமி அவளை நன்றாக வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரி கம்பெனிக்குப் போகட்டும், பேத்தியை நான் பார்க்கிறேன் என்று வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

இன்று காலை மீனா மதுரைக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். பிள்ளை முகத்தைப் பார்த்தால் நின்றுவிடுவாளோ என்று பேத்தியை என் தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"ப்பா, பிள்ள அழுதா எனக்குப் போன் போடாதீக. நான் அழுதா போடுறேன், எடுங்க."