கப்பிகளோடு ஒரு ஃபைட்டர்

சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தபோது பத்தில் ஒன்பது பொருத்தம் சரியாக இருப்பதாக ஜோசியர் சொன்னார். இல்லாத அந்த ஒன்று எது என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பதே அதிகம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். சித்தப்பா மீன் வாங்கப் போனால் இப்படியெல்லாம் விடமாட்டார். தென்காசியில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் அவர் தலையைக் கண்டாலே பெருமூச்சு விடுவார். இது எவ்வளவு பெரிசாகும், வாய் எவ்வளவு அகலம், அடியில் மேயுமா மேலே மேயுமா, அடுத்த மீனின் வாலைக் கடிக்குமா என்று ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு நான்கே நான்கு கப்பிகளோடு வீடு திரும்புவார். போலீஸ்காரர் இல்லையா, விசாரணையில் குறை வைக்க மாட்டார்.

அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவர் வைத்த சட்டமெல்லாம் எனக்குப் பத்து வயதிலேயே மனப்பாடம். கப்பியும் மோலியும் சேரும். ஏஞ்சல் பார்க்க அழகு, ஆனால் சின்ன மீன்களை விழுங்கிவிடும். நியான் டெட்ரா வாங்கினால் குறைந்தது ஆறு வாங்க வேண்டும். ஒன்றிரண்டாக விட்டால் பயத்திலேயே செத்துப்போகும். ஃபைட்டர் யாரோடும் சேராது. அதனால் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாடியில் நீல நிற ஃபைட்டர் ஒன்று தனியாகக் கிடந்தது.

நானும் ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தேன். அப்பா பட்டாளத்தில். அம்மா பாவூர்சத்திரத்தில் டீச்சர். ஸ்பெஷல் கிளாஸ் முடித்து பஸ் பிடித்து வர ஏழு மணியாகிவிடும். கழுத்தில் சாவியைத் தொங்கப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளை நான். பூட்டைத் திறந்ததும் நேரே தொட்டிக்குப் போய் அன்றைய சமாச்சாரம் முழுக்க ஒப்பிப்பேன். தீனி வருமென்று மீன்கள் வாயைத் திறந்து மூடும். பதில் சொல்கின்றன என்று நான் எடுத்துக்கொள்வேன். வேறென்ன செய்ய?

வைகாசியில் வீரகேரளம்புதூரிலிருந்து சித்தி வந்தாள். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் நான் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே காபி மணம். சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

சித்தி என்னிடம் ஓயாமல் பேசுவாள். பேச அவளுக்கும் வேறு ஆள் இல்லை. சித்தப்பாவுக்கு அப்போது குற்றாலம் சீசன் டியூட்டி. பகலெல்லாம் ஐந்தருவியில் நின்று விசில் ஊதி, குளிக்க வந்த கூட்டத்தை வரிசையில் விட்டு, நனைந்த காக்கியோடு வருவார். சாப்பிட்டுவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். வார்த்தையெல்லாம் அருவியிலேயே செலவாகிவிடும் போலிருக்கிறது. சித்தியோடு "சோறு", "துண்டு" என்ற இரண்டு சொல்லில் குடும்பம் நடத்தினார். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும்.

ஒருநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சித்தி சொன்னாள்:

"உங்க சித்தப்பா ஊர்ல உள்ளவனையெல்லாம் குளிக்கவச்சு அனுப்புதாவ. ஐந்தருவிக்கு நீயும் வாயேன்னு என்னைய ஒரு நாளு கூப்பிட்டா என்னட்டி?"

சொன்ன வேகத்தில் சடையை வெடுக்கென்று இழுத்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். என்னை நம்பி ஒருவர் ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

சாடியில் கிடந்த ஃபைட்டரைப் பார்க்கும்போதெல்லாம் சித்தி உச்சுக்கொட்டுவாள். எனக்கும் பாவமாக இருந்தது. எனக்குத்தான் துணை கிடைத்துவிட்டதே, அதற்கும் கிடைக்கட்டும் என்று தாராளம் வந்து, ஆனிக் கடைசியில் ஒரு சாயங்காலம் சாடியைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு டியூஷனுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கப்பிகளின் வாலெல்லாம் கந்தல். இரண்டு செத்து மிதந்தன. சித்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்து சேர்ந்தார்.

யார் விட்டது என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நழுவினேன். சித்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாந்தான்" என்றாள்.

சித்தப்பா திட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அது பாடமாக மாறியது. கப்பியின் பெரிய வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் தன் இடத்துக்கு வந்துவிட்டதாக இது நினைத்துக்கொள்ளும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். சித்தி பேசாமல் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவளோ கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பொட்டை மீனை விட்டாலும் கடிக்குமா, கடிபட்ட வால் திரும்ப முளைக்குமா, எத்தனை நாளாகும்? எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். முழுசாக அரை மணி நேரம். இந்தச் சித்தி வாயை மூடித் தொலைக்கக் கூடாதா என்று கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் தான் நனைந்திருப்பது ஞாபகம் வந்து, சித்தப்பா "துண்டு" என்றார்.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் புதுப்பெண்ணை அழைத்துப்போகச் சித்தியின் அண்ணன் வந்தார். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், ஒரு மாதம். சாவி மறுபடியும் என் கழுத்துக்கு வந்தது. தினமும் காலண்டர் தாளைக் கிழித்தேன். ஆவணி வந்தது, சித்தி வரவில்லை. கூப்பிடப் போன அம்மா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தனியாகத் திரும்பினாள். சண்டையா, குறையா என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தாளாம். "அங்கன எனக்கு யாரு இருக்கா?" என்று மட்டும் சொன்னாளாம் சித்தி. நான் இருந்தேனே என்று ஏங்கி ஏங்கி அழுதேன். அதன் பிறகு அவள் வரவேயில்லை.

பழியை அவள் சுமக்க விட்டதால்தான் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்பது என் முடிவு. உண்மையைச் சொன்னால் சித்தப்பா அடுத்த பஸ்ஸிலேயே போய் அவளை அழைத்துவந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவரிடம் போய், ஃபைட்டரை விட்டது நான்தான் என்று அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை. கையிலிருந்த ரப்பர் குழாயை வாளியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஏட்டி, அவ உங்கிட்ட என்னதான் பேசுவா?"

போலீஸ்காரர் எதற்குக் கேள்வி கேட்பார் என்று எனக்குத் தெரியாதா? சித்தி மேல் குற்றம் தேடுகிறார். அந்த ஐந்தருவிப் பேச்சு என் தொண்டைவரை வந்தது. சத்தியத்தை நினைத்து விழுங்கிவிட்டேன்.

"ஒண்ணும் பேசல சித்தப்பா."

"யோசிச்சுச் சொல்லு. ஒரு வார்த்தைகூடவா?"

"இல்ல."

அவர் தலையை ஆட்டினார். குழாயை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். அதற்கப்புறம் அவளைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சித்தியைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றைக்கு மத்தியானம் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.