மமே சாப்பிடவில்லை

நாகசாகியில் ட்ராம் ஓட்டும் குவஹாரா யசுகாசு, மலைச்சரிவில் நூற்றுச் சொச்சம் படிகளுக்கு மேலே தனியாக இருந்தார். மனைவி போய் ஆறு வருஷம். ஒரே மகள் மினோரி கல்யாணமாகி ஃபுகுவோகாவுக்குக் கிளம்பும்போது தன் பச்சோந்தியைக் கண்ணாடித் தொட்டியோடு அவரிடம் விட்டுப்போனாள்.

"புது வீட்டுல பிராணி எதுவும் வெச்சுக்கக் கூடாதுங்கறாங்கப்பா. ஒரே மாசம். வேற வீடு பாத்ததும் எடுத்துக்கறேன்."

எட்டு மாசம் ஆகிவிட்டது.

பச்சோந்தியின் பெயர் மமே. அவரைக்கொட்டை என்று அர்த்தம். வந்த புதிதில் அவ்வளவுதான் இருந்தது. இப்போது ஒரு முழத்துக்கு வளர்ந்திருந்தது. ஜூன் மழையில் அது கரியேறினாற்போல் கறுத்து, வாயைப் பிளந்துகொண்டு ஒரு மூலையில் ஒடுங்கியது. பதறிப்போய் மகளைக் கூப்பிட்டார். அவள் பிராணிக் கடைக்கு ஓடச் சொன்னாள்.

முத்தோ என்ற கடைக்காரம்மா அவர் செல்போனில் படத்தைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினாள்.

"கண்ணாடியிலயா வெச்சிருக்கீங்க, குவஹாரா சான்? அதுல தெரியற தன் உருவத்தையே எதிரின்னு நினைச்சு நாள் பூரா சண்டைக்கு நிக்குது. காத்தும் இல்ல. நாலு பக்கமும் வலை வேணும், உயரமா."

"இன்னொண்ணு வாங்கி விட்டா துணைக்கு ஆகுமா?"

"துணையா! ரெண்டும் அடிச்சுக்கிட்டே செத்துப்போகும். அதுக்குத் தனியா இருந்தாத்தான் நிம்மதி. நீங்ககூட அடிக்கடி தொட்டுக் கொஞ்சாதீங்க."

யசுகாசு அதை முழுசாக நம்பவில்லை. ஆனாலும் அலுமினியச் சட்டமும் உலோக வலையும் வாங்கிப் படியேறினார். பிளாஸ்டிக் வலையென்றால் தீனிக்கு விடும் பூச்சிகள் கடித்து ஓட்டை போட்டுவிடும். இரண்டு விடுமுறை நாட்களில் தன் மார்பளவு உயரத்துக்குக் கூண்டு எழும்பியது. மினோரி தினம் சாயங்காலம் போனில் வந்து விரட்டினாள்.

"சூடு குடுக்கற விளக்கு எங்கப்பா? உள்ளயா? அய்யோ, வெளிய எடு! மேல ஏறி முதுகைச் சுட்டுக்கும். வலைக்கு மேல ஒரு சாண் தள்ளி வை."

"சரி சரி, கத்தாதே."

"கிண்ணத்துல தண்ணி வெச்சா குடிக்காது. இலையில சொட்டணும்."

பாட்டிலில் ஊசித்துளை போட்டு மேலே தொங்கவிட்டார். கழுவித் துடைத்த மணிபிளான்ட், மமே கால் பற்றும் அளவுக்குப் பருமனும் மெலிவுமாய்க் கிளைகள், ஒளிந்துகொள்ள ஒரு பக்கம் துணித்திரை. ராத்திரி மமே தூங்கும்போது அதைக் கடிக்கும் என்பதால், தின்னாமல் விட்ட சுவர்க்கோழிப் பூச்சிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தார். மூன்றாம் வாரம் மமே பச்சைப்பசேலென்று மேல்கிளையில் உட்கார்ந்து நாக்கை வீசியது.

"நீ கெட்டிக்காரன்ப்பா!" என்றாள் மினோரி. அதோடு தினசரி போன் நின்றுபோனது. கவலைப்பட எதுவும் இல்லையே, அவள் ஏன் கூப்பிடுவாள்? ஆகஸ்டில் இரண்டு தடவை பேசினாள். செப்டம்பரில் ஒரு தடவைகூட இல்லை. வேலை முடிந்து வந்தால் ட்ராம் மணியைத் தவிர அன்று வேறெதுவும் காதில் விழவில்லை என்று தோன்றும். மமேயோ அவர் பக்கத்தில் வந்தாலே திரைக்குப் பின்னால் நகர்ந்துவிடும்.

அக்டோபரில் ஒருநாள் அவரே கூப்பிட்டார். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "மமே சாப்பிட மாட்டேங்குது."

மினோரி அரைமணி நேரம் பேசினாள். அடுத்த வாரமும் அப்படியே சொன்னார். அதற்கடுத்த வாரமும்.

நவம்பரில் முன்னறிவிப்பு இல்லாமல் மினோரி மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்றாள். கையில் காற்றோட்டமான பெட்டி.

"லீவு போட்டுட்டு வந்தேன். தெரிஞ்சவங்க ஒருத்தர் அங்க நாலு பச்சோந்தி வளக்கறார். அவர்கிட்ட குடுத்துடலாம். உனக்கும் இந்தத் தொல்லை வேண்டாம்ப்பா."

உள்ளே போனவள் கூண்டுமுன் நின்றாள். மமே அப்போதுதான் ஒரு பூச்சியை லபக்கென்று விழுங்கியது.

"நல்லாத்தானே சாப்பிடுது?"

யசுகாசு சுவரைப் பார்த்தார். "ஒருநாளும் சாப்பிடாம இருந்ததில்ல. பொய் சொன்னேன்."

"ஏன்ப்பா?"

"நீ பேசுவேன்னு."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது. "மேனேஜர் கால்ல விழாத குறையா லீவு வாங்கிட்டு வந்திருக்கேன். மூணு தடவை சொன்னே நீ!"

"நாலு."

"மூணுதான்."

"ஒரு தடவை நீ எடுக்கல."

சாம்போன் நூடுல்ஸ் வாங்கிவந்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நாலு மணி ரயிலுக்கு வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஸ்டேஷன்வரை கூட வந்தவரிடம், "இனிமே அதைச் சாக்கு வெச்சுக் கூப்பிடாதே. சும்மா கூப்பிடு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் காத்திருந்தாள். "வெச்சிடட்டுமா?" என்றாள் கடைசியில்.

அடுத்த வாரம் முழுக்க, மகளிடம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று ட்ராமில் ஏறுகிறவர்களையெல்லாம் கவனித்தார். வியாழக்கிழமை ஒரு அம்மாள் மடியில் வைத்திருந்த பையிலிருந்து ஆக்டோபஸ் நழுவி விழுந்து, வண்டி முழுக்க ஒரே கூச்சல். அதை மறந்துவிடாமல் இருக்க டிப்போவில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.