ஸ்டெல்லா என்னிடம் கேட்டது

செய்தி வந்தபோது ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்துவைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அழைத்தது ஸ்டெல்லாவின் கணவர் அந்தோனி. "போய்ட்டா, பாலா. காலையில பத்து மணிக்கு. வலி இல்ல," என்றார். "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். இறந்தவர்களின் வீட்டாரிடம் என்ன பேச வேண்டும் என்று பதினான்கு ஆண்டுகளாகப் பழகியவன் நான். அன்று அழைப்பை முடித்துவிட்டு மீண்டும் தரையைக் கழுவினேன்.

ஆம்புலன்ஸ் நிலையத்தில் ஸ்டெல்லாவோடு வேலை செய்தவர்களுக்கும், லின்ஃபீல்டில் அவரோடு தேவாலயத்தில் பாடியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவர் கலகலப்பான மலேசியப் பெண். அடுத்தவர் பிஸ்கட்டைக் கூசாமல் எடுத்துத் தின்பவர். எனக்கு அவர் போட்டியாளர். ஒரே வகுப்பில் பாராமெடிக் படித்தோம். ஒரே ஆண்டில் கிரிட்டிகல் கேர் தேர்வுக்குப் போனோம். அவர் தேறினார், நான் தேறவில்லை. "அடுத்த தடவ நீதான்," என்றார். அந்த ஆறுதலே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பார்ப்பவர்களுக்கு எங்கள் சீருடை ஒன்றுதான். நானும் ஊசி போடுவேன். நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுப்பேன். ஆனால் மூச்சுத் திணறும் ஒருவரை மருந்தால் முழுதாக மயக்கி, தசைகளை அசையாமல் செய்து, தொண்டைக்குள் குழாய் இறக்கி, அவருடைய மூச்சையே தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் அனுமதி ஸ்டெல்லாவுக்கு உண்டு, எனக்கு இல்லை. என் கை எட்டாத நிலைக்கு நோயாளி போனால் நான் ரேடியோவில் கூப்பிட வேண்டும். அவர் தனிக் காரில் வருவார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கு. முற்பகல் நேரம். பெட்டி அடுக்கும் தொழிலாளி ஒருவர் ஆஸ்துமாவில் தரையில் உட்கார்ந்து, இரு கைகளையும் ஊன்றி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்த நொடியே கூப்பிட்டிருக்க வேண்டும். அன்று பணியில் இருந்தவர் ஸ்டெல்லா. அது தெரிந்ததால்தான் கூப்பிடவில்லை. இதை நானே பார்த்துக்கொள்வேன் என்ற வீம்பு. மாஸ்க்கில் மருந்து கொடுத்தேன், தொடையில் அட்ரினலின் போட்டேன். உதடு நீலமாகியது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரைச்சல்கூடக் கேட்கவில்லை. ஆஸ்துமாவில் இரைச்சலைவிட அமைதிக்குத்தான் பயப்பட வேண்டும். "கூப்பிடு பாலா!" என்று என்னோடு வந்த ஹானா ஆங்கிலத்தில் இரண்டாம் முறை கத்தினார். அப்போதுதான் ரேடியோவில் கூப்பிட்டேன். அதற்குள் ஆறு நிமிடம் போயிருந்தது.

ஸ்டெல்லா வந்து மண்டியிட்டார். குழாய், மயக்க மருந்து எல்லாவற்றையும் துணிமேல் வரிசையாக எடுத்து வைத்தார். போடப்போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. "உள்ள போன காத்து வெளிய வரல லா, இவருக்கு. குழாய் போட்டு நாம ஊதினா இன்னும் மோசமாயிரும். கொஞ்சம் பாப்போம்," என்றார். ரத்தக்குழாயில் மெல்ல மருந்து ஏற்றினார். ஒரு கையை அந்த மனிதரின் நெஞ்சில் வைத்து ஒவ்வொரு மூச்சாகப் பார்த்தார். நோயாளியின் கண் செருகத் தொடங்கியது. 'போடு, போடு' என்று எனக்குள் அடித்துக்கொண்டது. எதற்காக ஸ்டெல்லாமேல் பொறாமைப்பட்டேனோ, அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தொடாமல் இருந்தார். கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு மெல்லிய விசில் கேட்டது. "சத்தம் வந்திருச்சு," என்றார். ஸ்டெல்லாவின் முகமெல்லாம் வியர்த்திருந்தது. அந்த மனிதர் பிழைத்தார்.

மருத்துவமனை வாசலில், "ஏன் லேட்டா கூப்ட்ட?" என்று கேட்டார்.

"ரேடியோ சரியா வேலை செய்யேல்லை."

"ஓ," என்றார். ஹானா பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. அறிக்கையிலும் நான் அப்படியே எழுதினேன்.

இந்தக் குளிர்காலத்தில் புற்றுநோய் முற்றி அவர் பிளாக்ஹவுஸ் பே வீட்டில் படுத்திருந்தார். மூன்றாம் முறை பார்க்கப் போனபோதுதான் உண்மையைச் சொல்ல முடிந்தது.

"தெரியும். ரேடியோவ அன்னிக்கே செக் பண்ணச் சொன்னேன். நல்லா இருந்துச்சு."

"பிறகேன் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். ரெண்டு வருஷம் ஆயிருச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் போகப்போறவ. என்கிட்ட சொன்னா என்னோடயே போயிரும்னுதானே சொல்ற? ஸ்டேஷன்ல சொல்லு பாலா. அடுத்தவன் கூப்பிட வெக்கப்படாம இருக்கட்டும்."

"ஓம், சொல்லுறன்," என்றேன். சொல்லவில்லை. மூன்று வாரத்தில் அந்தோனியின் அழைப்பு வந்தது.

அஞ்சலிக் கூட்டத்தில் அவருடைய சிரிப்பைப் பற்றிப் பேசினேன். நீங்கள் கண் கலங்கினீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நேற்று மேலதிகாரியிடம் போய் அந்த அறிக்கை பொய் என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணை வரும். இனி என்னை வேலைக்கு வண்டியில் ஏற்றாமலும் போகலாம்.

ஸ்டெல்லாவின் பொறுமை எனக்கு இனியும் வராது. அன்று கட்டிலில் கிடந்தபடி என்மேல் பட்ட கோபத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அவர் கேட்டதை அவர் இருக்கும்போது செய்யவில்லை. இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்: மூச்சுக்குத் தவித்த ஒரு மனிதரை என் வீம்புக்காகக் காக்கவைத்தவன் நான்.